ஒரு போர் நாவலும் எட்டு பென்சில் குறிப்புகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் போன் செய்து, "நீ இந்த வருஷம் பதினைந்து நிமிஷம் பேசணும். ஆனா தயவுசெய்து 'வெற்றிக்கு வழி' மட்டும் பேசாதே, ஏற்கெனவே மூணு பேர் பேசறாங்க" என்றார். எனக்கும் நிம்மதி. வெற்றியைப் பற்றிப் பேசும் அளவுக்கு நான் ஒன்றும் சாதித்துவிடவில்லை. அதனால் ஒரு புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். இதோ, அட்டை கிழிந்து செல்லோ டேப் ஒட்டிய இந்தப் புத்தகம்தான். பின்வரிசைத் தம்பிகளுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அட்டைப் படத்தில் பாதிதான் மிச்சம் இருக்கிறது.

2009-இல், மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, சென்னைக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனோம். தொழிற்சாலையில் பார்த்தது எதுவும் ஞாபகம் இல்லை. திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய இந்தப் பழைய நாவல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பெயர் 'தி ஃபாரெவர் வார்'. முடிவில்லாப் போர் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் ஜோ ஹால்ட்மன் என்ற அமெரிக்கர். விண்வெளியில் நடக்கும் போர்க்கதை.

எங்கள் விடுதிப் பிளாக்கில் இது கை மாறிக் கை மாறிப் போனது. அப்போது ஒரு சட்டம் போட்டோம்: படித்து முடித்தவர் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் தன் கருத்தை எழுத வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. அப்படி ஏழு பேர் எழுதினார்கள். எட்டாவது குறிப்பு பல ஆண்டுகள் கழித்து வந்தது. அந்த எட்டுக் குறிப்புகளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

கதை என்ன?

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லியம் மாண்டெல்லா என்ற பௌதிக மாணவன். படிப்பும் அறிவும் உள்ள இளைஞர்களாகப் பொறுக்கிக் கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்கும் சட்டம் ஒன்று வருகிறது. அவனும் மாட்டிக்கொள்கிறான். எதிரி, டாரன்கள் என்ற வேற்றுலகத்தவர். அவர்களை யாரும் நேரில் பார்த்ததே இல்லை. போர்க்களங்களோ பல ஒளியாண்டு தூரத்தில். போகிற வேகம் ஒளி வேகத்தை நெருங்கும் வேகம். ஐன்ஸ்டீன் சொன்னபடி கப்பலில் இருப்பவனுக்குக் காலம் மெதுவாக ஓடுகிறது. மாண்டெல்லா சுமார் இரண்டு வருடம் போர் செய்துவிட்டு ஊர் திரும்பினால், பூமியில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அடுத்த முறை போனால் நூற்றாண்டுகள். மொத்தப் போர் 1143 வருடம். அவ்வளவையும் அவன் ஒரே இளமையில் பார்த்துவிடுகிறான்.

ஒரு வேடிக்கை. நாவலில் அவன் முதல் முறை பூமிக்குத் திரும்பும் வருடம் 2024. நாம் அதைத் தாண்டியே வந்துவிட்டோம்! 1974-இல் வெளிவந்த கதையில் 1990-களிலேயே விண்வெளிப் போர் தொடங்கிவிடுகிறது. ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று வாசகர்கள் கேட்டார்கள். வியட்நாமில் போரிட்டவர்கள் இந்தப் போரிலும் அதிகாரிகளாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் என்றார் ஹால்ட்மன்.

அதில்தான் சூட்சுமம். பௌதிகமும் வானியலும் படித்துப் பட்டம் வாங்கிய கையோடு, 1967-இல் ஹால்ட்மனையே கட்டாய ஆள்சேர்ப்பில் எடுத்துக்கொண்டார்கள். வியட்நாமில் போர்க்களப் பொறியாளர் வேலை. 1968-இல் படுகாயம். திரும்பி வந்து எழுதிய நாவலைப் பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். வியட்நாம் கதையை யார் படிப்பார்கள் என்பது அவர்கள் கவலை. கடைசியில் அச்சேறியதும், அந்தத் துறையின் பெரிய விருதுகளான நெபுலாவும் 1976-ஆம் ஆண்டின் ஹியூகோவும் அதற்கே கிடைத்தன.

ஐந்து குறிப்புகள்

முதல் குறிப்பு ஒரு மெக்கானிக்கல் நண்பனுடையது. "போர் உடை டாப். ஆனால் எதிரி வருவதற்கு முன்பே பாதிப்பேர் ட்ரெயினிங்கில் சாகிறார்கள். சேஃப்டி ஆபீசர் எங்கே?" நாங்கள் சிரித்தோம். இன்று ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புக் கூட்டத்தில் உட்காரும்போதெல்லாம் இந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது. அணிந்தவனின் பலத்தைப் பல மடங்காக்கும் அந்த மாதிரி உடையை 2013-இல் அமெரிக்கச் சிறப்புப் படையினரே செய்து பார்க்கக் கிளம்பினார்கள். 2019-இல் கைவிட்டார்கள். எழுதுவது சுலபம் தம்பிகளே, பேட்டரி செய்வதுதான் கஷ்டம்.

இரண்டாவது குறிப்பு எலக்ட்ரானிக்ஸ் நண்பன். கருத்தே எழுதவில்லை, கணக்கு எழுதியிருக்கிறான். ஒளி வேகத்தில் 99 சதவீதம் போனால் காலம் ஏறக்குறைய 7 மடங்கு மெதுவாகும். கீழே, "கணக்கு சரி. ஆசிரியர் பாஸ்." இது கற்பனை இல்லை என்பதற்கு உங்கள் பாக்கெட்டில் உள்ள செல்போனே சாட்சி. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செகண்ட் முந்தும். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் வழி கிலோமீட்டர் கணக்கில் தப்பிப் போகும்.

மூன்றாவது, சிவில் நண்பன். "போர் முடியும்வரை சம்பளம் பாங்கில். 7 சதவீதம் கூட்டு வட்டி, 26 வருடம் என்றால் 5.8 மடங்கு. எனக்கும் அப்ளிகேஷன் கிடைக்குமா?" அதன் கீழே வேறு கையெழுத்தில், "விலைவாசியை உங்க அப்பாவா கட்டுவார்?"

நான்காவது குறிப்பு மகளிர் விடுதியிலிருந்து வந்தது. எங்கள் வகுப்புத் தோழி ஒருவர், தன் அண்ணனிடம் இருந்த வேறொரு பிரதியில் படித்துவிட்டு எங்கள் பிரதியில் எழுதினார். அவர் எழுதியதை இன்றும் நான் மதிக்கிறேன். "இந்த ராணுவத்தில் ஆணும் பெண்ணும் சமமாகச் சண்டை போடுகிறார்கள். நல்லது. ஆனால் யாருடன் படுக்கை என்பதும் அங்கே வழக்கமும் விதியும் ஆகிவிடுகிறது. பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவே இல்லை. இதுவா சமம்?" ஒருபால் உறவை அரசாங்கம் மக்கள் தொகைத் திட்டமாக மாற்றுவதுபோல் எழுதியிருப்பதையும் குறை சொல்லியிருந்தார். பின்னாளில் பல நாட்டு வாசகர்களும் இதே குறையைச் சொல்லியிருப்பதைப் பார்த்தேன். எங்கள் ஆறு ஆண் மூளைக்கும் அது உறைக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அதே குறிப்பில் அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார். மாண்டெல்லாவின் காதலி மேரிகேயின் பெற்றோர் வாழும் பண்ணைக்குக் கொள்ளையர் வரும் பகுதிதான் கதையின் உயிர் என்று. எங்களுக்கு ஒரே குழப்பம். எங்கள் புத்தகத்தில் அப்படிக் கொள்ளையரே இல்லை! "அந்தப் பொண்ணு படிக்காமலே எழுதிடுச்சுடா" என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். கேன்டீனில் அவர் காதுபடவே சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் புத்தகம் எதையும் வாங்கவும் இல்லை.

உண்மை பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஹால்ட்மன் முதலில் எழுதிய நடுப்பகுதி ரொம்பவும் இருட்டாக இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் பென் போவா ஏற்கவில்லை. அதற்குப் பதில் கொஞ்சம் மிதமாக வேறொன்று எழுதிக் கொடுத்தார். 1974 புத்தகத்தில் வந்தது அந்த மிதமான பகுதி. முதலில் எழுதியது 1990-களின் பதிப்புகளில்தான் திரும்பச் சேர்ந்தது. நாங்கள் வாங்கியது பழைய பதிப்பு. அவர் படித்தது புதிய பதிப்பு. இரண்டு பேர் சொன்னதும் சரி. புத்தகம்தான் வேறு. அவர் இன்று இந்த அரங்கில் இருக்கிறார். மேடம், பதினைந்து வருடம் தாமதமாக எங்கள் பிளாக் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாவது குறிப்பு ஒரு ஜூனியர் தம்பி. "இது போர்க்கதை இல்லை அண்ணா, காதல் கதை." முடிவைத்தான் சொல்கிறான். மாண்டெல்லா கடைசியாகத் திரும்பும்போது போர் முடிந்தே இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மேரிகேயோ வேறு களத்துக்குப் பிரிந்து போனவள். உயிரோடு இருக்க வழியே இல்லை. ஆனால் அவள் ஒரு கடிதம் விட்டுப் போயிருக்கிறாள். ஒரு பழைய கப்பலில் ஐந்து ஒளியாண்டு தூரம் போவதும் வருவதுமாக இருக்கிறாள். வெளியே பத்து வருடம் போனால் அவளுக்கு வயது ஒரு மாதம் ஏறும். பிரிப்பதற்கு உதவிய அதே விதியைக் காத்திருப்பதற்குப் பயன்படுத்துகிறாள். பத்து வருடத்துக்கு ஒரு மாதம் என்றால் 120 மடங்கு. அதற்கு ஒளி வேகத்தில் 99.9965 சதவீதம் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்த எலக்ட்ரானிக்ஸ் நண்பன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆறும் ஏழும்

ஆறாவது குறிப்பு என் அறை நண்பனுடையது. நான்கு வருடம் ஒரே அறை. "பயிற்சியைச் சரியாக எழுதியிருக்கிறார். பயத்தையும் சரியாக எழுதியிருக்கிறார். இருந்தாலும் நான் போவேன்." அவ்வளவுதான்.

அவன் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர விண்ணப்பம் போட்டிருந்த நேரம் அது. எனக்கு அது பிடிக்கவில்லை. கேம்பஸில் நல்ல கம்பெனி வருகிறது, இவன் ஏன் இப்படி என்று எரிச்சல். என் கையில் ஆயுதமாக இந்த நாவல் கிடைத்தது. முதல் சண்டைக்கு முன் வீரர்கள் மனதில் எதிரியைப் பற்றிய பொய்யான கொடுமைகளை ஹிப்னாடிசத்தால் பதித்துவைக்கிறார்கள். ஒரு சொல் கொடுத்ததும் அத்தனை வெறியும் கிளம்புகிறது. எதிர்க்கத் தெரியாத டாரன்களைக் கொன்று குவிக்கிறார்கள். பிறகு குமட்டுகிறது. கடைசியில் பார்த்தால் போர் தொடங்கியதே தப்பபிப்பிராயத்தால். காணாமல் போன கப்பல்களுக்கு எதிரியின் மேல் பழி போட்டுவிட்டார்கள். பேசிப் பார்க்க ஒரு மொழி கிடைக்க ஆயிரம் வருடம் பிடித்தது.

"பாத்தியா? இதுதான் நீ போற இடம்" என்றேன்.

அவன் பதிலுக்கு ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலை நூலகத்தில் தேடி எடுத்து வந்தான். 1959-இல் வந்தது. ராணுவ சேவை என்பது ஒருவனைக் குடிமகனாக்கும் கடமை என்று சொல்லும் கதை. சேவை முடித்தவனுக்குத்தான் அங்கே ஓட்டுரிமை. அதுவும் ஹியூகோ விருது வாங்கியது, 1960-இல். அதைச் சர்வாதிகாரக் கதை என்று திட்டியவர்களும் உண்டு, அமெரிக்க மரைன் படையின் வாசிப்புப் பட்டியலில் சேர்த்தவர்களும் உண்டு. ஹைன்லைன் கடற்படை அகாதமியில் படித்தவர், 1934-இல் காசநோயால் ஓய்வு பெற்றவர். போர்க்களம் பார்க்காதவர் ராணுவத்தைப் புகழ்ந்தார், பார்த்தவர் கேள்வி கேட்டார் என்று நான் வாதாடினேன். ஆனால் ஹால்ட்மனின் நாவலை மனம் திறந்து பாராட்டியவர்களில் ஹைன்லைனும் ஒருவர். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரியவர்கள் அப்படி. நாங்கள் சின்னவர்கள்.

நண்பன் ஒரு விஷயம் சொன்னான். "டேய், மாண்டெல்லாவை இழுத்துக்கிட்டுப் போனாங்க. என்னை யாரும் இழுக்கல. நம்ம நாட்டுல கட்டாயம் கிடையாது. அந்த ஒரு வித்தியாசம் உனக்குப் புரியலையா?"

எனக்குப் புரிந்துகொள்ள மனமில்லை. அவன் குறிப்பின் கீழே என் குறிப்பை எழுதினேன். அதுதான் ஏழாவது: "இதைப் படித்த பிறகும் போகிறவன் ஏமாளி."

அவன் படித்தான். ரப்பரை எடுத்து அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. புத்தகத்தை மூடி என் மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

ஐந்து நாள் தேர்வு முடித்து அவன் தேர்வாகி, பயிற்சியும் முடிந்தது. பாஸிங் அவுட் பரேடுக்கு என்னை அழைத்தான். புது வேலை, லீவு இல்லை என்று சொன்னேன். லீவு இருந்தது. இதை முதல் முறையாக ஒரு மேடையில் சொல்கிறேன்.

எட்டாவது குறிப்பு

அதற்குப் பிறகு நான் வளைகுடா நாடு ஒன்றில் ஆறு வருடம் திட்டப் பணியில் இருந்தேன். 2019-இல் திரும்பி வந்தேன். பஸ் ஸ்டாண்ட் இடம் மாறியிருந்தது. நான் தூக்கி வளர்த்த அக்கா மகள் என்னைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் அப்பா மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஆறு வருடத்தில் அவருக்கு பதினைந்து வயது ஏறியதுபோல் இருந்தது. எனக்கு மட்டும் எல்லாம் நேற்றுப் போட்டது போட்டபடி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அன்று ராத்திரி டிரங்குப் பெட்டியிலிருந்து இந்த நாவலை எடுத்துத் திரும்பப் படித்தேன். பத்து வருடம் முன்பு நான் படித்தது போரைப் பற்றிய நாவல். அன்று படித்தது வீடு திரும்புவதைப் பற்றிய நாவல். அச்சு அதேதான்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது என் கையெழுத்தைப் பார்த்துக் கூசிப் போனேன்.

அவன் விலாசத்தைத் தேடிப் பிடித்து, புத்தகத்தைப் பார்சலில் அனுப்பினேன். உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: "ஏழாவது குறிப்பை நான் வாபஸ் வாங்குகிறேன்." இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு புத்தகம் திரும்பி வந்தது. என் குறிப்பின் கீழே பென்சிலில் எட்டாவது குறிப்பு இருந்தது. அவன் அனுமதியோடு படிக்கிறேன்.

"இரண்டாம் முறை படித்தேன். எழுதியவரும் ஒரு இன்ஜினீயர் என்பது தெரிகிறது. எனக்குப் பிடித்தது சண்டை இல்லை. மாண்டெல்லா ஊர் திரும்பியதும் எல்லோரும் அவனிடம் எதையாவது கேட்கிறார்கள், ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை. நான் லீவில் வரும்போது ஊரில் கேட்பது இரண்டு கேள்வி. எத்தனை பேரைச் சுட்டாய், கேன்டீன் சரக்கு கொண்டு வந்தாயா. நீ என்ன வேலை செய்கிறாய் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. ஏழாவது குறிப்பை அழிக்காதே, இருக்கட்டும்."

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் அறையில் இருந்த ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடிமேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பெயர், ஒரு நம்பர். அவன் அப்பாவின் பெயர், அவர் ராணுவ நம்பர். நான்கு வருடம் அந்தப் பெட்டிமேல் கேரம் போர்டை வைத்து விளையாடியிருக்கிறோம். அந்த நம்பரைப் பற்றி ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. அவன் எதைப் படித்து வளர்ந்தான் என்பது அந்த மூடியிலேயே எழுதியிருந்தது. நான் என் கையில் இருந்த பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவனுக்குத் தீர்ப்பு எழுதினேன். மகளிர் விடுதித் தோழிக்கு எழுதியதுபோலவே.

அன்று இரவே போன் செய்தேன். "டேய், நீ என்னடா வேலை செய்யற?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தான். அவன் பொறியாளர் பிரிவில் இருக்கிறான். பாலம் போடுகிற வேலை. மலை ஆற்றின் மேல், பனி உருகித் தண்ணீர் ஏறுவதற்குள், துண்டு துண்டாகக் கொண்டு வந்த பெய்லி பாலத்தை ஆட்கள் தோளில் தூக்கி, பின் அடித்துக் கோத்துத் தள்ளும் கதையை மூன்று மணி நேரம் சொன்னான். நான் மெட்டீரியல்ஸ் பேப்பரில் படித்ததையெல்லாம் அவன் குளிரில் நின்று செய்திருக்கிறான். காலை ஐந்து மணிக்குத்தான் போனை வைத்தோம்.

அவன் சொன்ன எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். போரைப் பற்றி எங்கள் இருவருக்கும் இன்றும் ஒரே கருத்து இல்லை. வீரனை மதிப்பது வேறு, அவனை அனுப்புகிறவர்கள் சொல்லும் காரணத்தைச் சோதித்துப் பார்ப்பது வேறு என்று நான் நினைக்கிறேன். இரண்டும் வேண்டும். சோதித்துப் பார்க்காத நாட்டில்தான் மாண்டெல்லாவுக்கு 1143 வருடம் பிடித்தது. இதைச் சொன்னால் அவன், "அதைத்தான்டா நானும் சொல்றேன், நீ சத்தமா சொல்ற" என்கிறான்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு அறிவுரை சொல்ல நான் வரவில்லை. ஒரு நாவலை நீங்கள் வெறுக்கலாம், பாதியில் மூடலாம், போற்றலாம். ஆனால் இன்னொருவன் வேறு கருத்துச் சொன்னால், அவன் எந்தப் பதிப்பைப் படித்தான் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் அறையிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதன் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்று ராத்திரியே கேளுங்கள். எனக்கு அதற்குப் பத்து வருடம் ஆனது. கப்பலில் போயிருந்தால்கூட ஒரு மாதத்தோடு முடிந்திருக்கும்.

நண்பன் இன்று வரவில்லை. லீவு கிடைக்கவில்லை. அவன் சொன்னது உண்மையான காரணம். அவன் விருப்பப்படி இந்தப் புத்தகத்தை, எட்டுக் குறிப்புகளோடும், நம் கல்லூரி நூலகத்துக்கு இப்போது முதல்வர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். கூடவே பண்ணைப் பகுதி உள்ள புதிய பதிப்பு ஒன்றையும் வாங்கி வந்திருக்கிறேன். இனி யாரும் யாரையும் படிக்காமல் எழுதினாய் என்று சொல்ல வேண்டாம்.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி. நூலகர் ஐயா மட்டும் இந்த ஒரு பிரதிக்கு விலக்கு அளித்திருக்கிறார், பென்சிலாக இருந்தால். இன்னும் மூன்று வெற்றுப் பக்கம் இருக்கிறது. ஒன்பதாவது குறிப்பு யாருடையது என்று அடுத்த சந்திப்பில் வந்து பார்க்கிறேன்.